அலசாத துணியும் அம்மாவோட மிஷின் ரூமும்

ஆபீஸ்ல இந்த வாரம் ஆணி ரொம்ப ஜாஸ்தி. இருந்தாலும் இதை எழுதாம விட்டா தூக்கம் வராது. சொல்ல வந்தது ரெண்டே விஷயம். ஒண்ணு, புதுத்துணியை அலசாம கத்திரிக்கோல் வைக்காதீங்க. ரெண்டாவது, வீட்டுல அம்மா தையல் மிஷின் போட்டிருக்கிற ரூமைப் பிடுங்காதீங்க. ரெண்டையும் செய்து, ரெண்டுக்கும் வாங்கிக்கட்டிக்கிட்டவன் என்கிற தகுதியில் சொல்றேன். "பொறியியல் படிச்சுட்டு பொட்டி தட்டுற பயலுக்கு துணியைப் பத்தி என்ன தெரியும்?"னு கேட்டா, ஆறு மாசம் முன்னாடி வரைக்கும் ஒண்ணும் தெரியாது. இப்ப கொஞ்சம் தெரியும். அந்தக் கொஞ்சத்துக்கு விலை அப்பாவோட ஒரு சட்டை.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்க வீடு அம்பத்தூர்ல. அம்பத்தூர் ஏரி நிரம்பினா தண்ணி கொரட்டூர் ஏரிக்குப் போகணும், போற வழியில எங்க தெருவையும் எட்டிப் பார்த்துட்டுப் போகும், அப்படி ஒரு இடம். அப்பா ஆவடி ஓ.சி.எஃப்.ல வேலை பார்த்தார். தெரியாதவங்களுக்கு: 1961-ல் ஆரம்பிச்ச படையுடைத் தொழிற்சாலை, ராணுவத்துக்கு யூனிஃபார்ம் தைக்கிற இடம். 2021 அக்டோபர்ல பழைய ஆர்டினன்ஸ் போர்டைக் கலைச்சு ஏழு கம்பெனியாப் பிரிச்சப்ப, அது ட்ரூப் கம்ஃபர்ட்ஸ்ங்கிற கம்பெனிக்குக் கீழ போயிடுச்சு. அப்பா அதுக்கு முன்னாடியே ரிடையர் ஆயிட்டார். அவருக்கு கட்டிங் செக்‌ஷன். துணியை அடுக்கடுக்கா விரிச்சு ஒரே வெட்டுல மொத்த அடுக்கையும் வெட்டுற வேலை. தப்பு பண்ணா ஒரு சட்டை இல்ல, அடுக்கு மொத்தமும் போச்சு. அதனாலயோ என்னவோ, வீட்டுல தேங்காய் உடைக்கிறதைக் கூட மனுஷன் ரெண்டு தடவை யோசிச்சுதான் செய்வார்.

அம்மா வீட்டுல தைச்சாங்க. அம்பத்தூர் எஸ்டேட்ல அப்ப எக்ஸ்போர்ட் கார்மென்ட் கம்பெனி ஏகப்பட்டது. அங்கேருந்து சப் கான்ட்ராக்ட்ல காலர், கஃப், பாக்கெட்னு மூட்டை மூட்டையா வரும். பீஸுக்கு இவ்வளவுன்னு கூலி. ஸ்கூல்ல இருந்து வந்து ஷூவைக் கழட்டும்போது கேக்கிற முதல் சத்தம் அந்த மிஷின் சத்தம்தான். வாசலை ஒட்டின எட்டுக்கு ஒன்பது ரூம். அதுக்கு பெட்ரூம், ஹால் மாதிரி பேரெல்லாம் கிடையாது, "மிஷின் ரூம்". என் எட்டு செமஸ்டர் ஃபீஸ்ல பாதி அந்த ரூம்ல இருந்து வந்தது. இதை மிகைப்படுத்திச் சொல்லல. அப்பா சம்பளம் வீட்டு லோனுக்குப் போச்சு, அம்மா கூலி எனக்கும் அக்காவுக்கும் வந்தது. கணக்கு நோட்டு இன்னும் இருக்கு.

நிற்க. 2020 மார்ச். லாக்டவுன். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வீட்டுல இருந்து வேலை பாருன்னாங்க. ஹால்ல டிவி, பெட்ரூம்ல அப்பா. "ரெண்டு வாரம்தாம்மா, மிஷின் ரூமைக் குடேன்"னு கேட்டேன். அம்மா ஒண்ணும் சொல்லல. மிஷினை பின்பக்கம், வாஷிங்மெஷின் பக்கத்துல தள்ளிட்டோம். மேல ஷீட் போட்ட இடம். மழை பெஞ்சா சாரல் அடிக்கும். துணி மூட்டை எல்லாம் பரண்ல. ரூமுக்கு ஏசி வந்தது, சுழல் நாற்காலி வந்தது, ரெண்டு மானிட்டர் வந்தது. ரெண்டு வாரம் மூணே முக்கால் வருஷம் ஆச்சு. நடுவுல 2022-ல் அப்பா போயிட்டார். அப்பவும் மிஷின் பின்பக்கத்துலதான் இருந்தது.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம். ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு. முழங்கால் அளவு. நான் முதல்ல தூக்கினது லேப்டாப்பை. அப்புறம் மானிட்டர். அப்புறம் ரவுட்டர். ஆமா, கரன்ட்டே இல்லாத ராத்திரியில ரவுட்டரைக் காப்பாத்தினேன். பின்பக்கம் மிஷின் இருக்கிறது ஞாபகம் வந்தப்ப மோட்டார் முழுகி, மரப்பலகை ஊற ஆரம்பிச்சிருந்தது. அம்மா, "விடுடா, பழைய மிஷின்தானே"ன்னாங்க. அந்த "தானே"வை இன்னும் என்னால ஜீரணிக்க முடியல.

இங்கதான் என் கருத்து. ஒரு வீட்டுல எந்த வேலைக்கு ரூம் கிடைக்குதுங்கிறதை, அந்த வேலை எவ்வளவு நேரம் பிடிக்குது, எவ்வளவு வெளிச்சம் வேணும்ங்கிறது தீர்மானிக்கிறதில்ல. மாசம் பொறந்தா பேங்க்ல எவ்வளவு விழுதுங்கிறதுதான் தீர்மானிக்குது. என் வேலைக்கு உண்மையில என்ன வேணும்? ஒரு பிளக் பாயின்ட். சாப்பாட்டு மேஜையில உக்காந்து கூட கோட் அடிக்கலாம், அடிச்சிருக்கேன். தையலுக்கு அப்படி இல்ல. துணியை விரிக்க தரை வேணும், பகல் வெளிச்சம் வேணும், பாதியில விட்டதை விட்ட இடத்துல விட்டுட்டுப் போக இடம் வேணும். நான் லேப்டாப்பை மூடினா வேலை அப்படியே இருக்கும். அம்மா நூறு துண்டை வரிசையா அடுக்கி வச்சிருக்கும்போது "எடும்மா, பாய் போடணும்"னு சொன்னா வரிசை மொத்தமும் போச்சு. ஆனா ஏசி ரூம் எனக்கு. அம்மா செய்யறதுக்குப் பேரு "சும்மா இருக்கும்போது தைக்கிறது".

இதை அரசாங்கம் நம்மளை விட நல்லாப் புரிஞ்சு வச்சிருக்கு. சத்தியவாணி முத்து அம்மையார் பேர்ல இலவச தையல் மிஷின் திட்டமே ஓடுது. மிஷின் கொடுக்கலாம், ரூம் யார் கொடுப்பா?

சரி, மேட்டருக்கு வர்றேன். வெள்ளத்துக்கு அப்புறம் ரூமைத் திருப்பிக் கொடுத்துடறதுன்னு முடிவு பண்ணேன். பெருந்தன்மையெல்லாம் இல்ல, குற்ற உணர்ச்சி. அரசாங்கம் கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணத்துல மிஷினை ரிப்பேர் பண்ணலாம்னு அம்மாவே சொன்னாங்க. மெக்கானிக் அண்ணன் வந்து தலையை மட்டும் கழட்டி, மண்ணெண்ணெய்ல ஊற வச்சு, துருவைத் தேய்ச்சு, எண்ணெய் விட்டு, கையால சக்கரத்தைச் சுத்திச் சுத்தி ஒரு வழியா உயிர் கொடுத்தார். மோட்டார் தேறல. "மிதிச்சே தைக்கிறேன், அதான் கைக்கு அடங்கும்"னுட்டாங்க அம்மா.

ரூமுக்கு சுவர் ஈரம் காயவே மூணு மாசம் ஆச்சு. இதுல யாரும் அவசரப்படாதீங்க. ஈரச் சுவருக்கு மேல பெயின்ட் அடிச்சா அடுத்த மழைக்கு அப்பளம் மாதிரி உரிஞ்சு வரும் (பக்கத்து வீட்டுல வந்தது). நல்லாக் காய விட்டு, சுரண்டி, அப்புறம்தான் அடிச்சோம். ஜன்னல் இடது கைப்பக்கம் வர்ற மாதிரி மிஷினைப் போட்டோம். வெளிச்சம் இடப்பக்கமா வந்தா வலது கை நிழல் ஊசி மேல விழாது. வெட்டுறதுக்கு என் பழைய மேஜைக்குக் கீழ கட்டை கொடுத்து இடுப்பு உயரத்துக்கு ஏத்தினேன். அம்மா இருபது வருஷம் தரையில குனிஞ்சுதான் வெட்டினாங்க. முதுகு வலின்னு ஒரு நாள் கூட சொன்னதில்ல. மேஜை வந்த மூணாம் நாள்தான், "இதை முன்னாடியே செஞ்சிருக்கலாம்டா"ன்னாங்க.

அடுத்து துணி அடுக்குறது. பரண்ல இருந்து இறக்கினா பதினோரு மூட்டை. எக்ஸ்போர்ட் வேஸ்ட், பிளவுஸ் பிட், பழைய சேலை, அப்பாவோட சட்டை, லுங்கி. ஆபீஸ்ல கத்துக்கிட்ட 5எஸ் புத்தியை எடுத்துக்கிட்டு இறங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூரா உக்காந்து வானவில் வரிசையில நிறம் பிரிச்சு, டப்பாவுல போட்டு லேபிள் ஒட்டினேன். பார்க்க சும்மா சூப்பரா இருந்தது. அம்மா வந்தாங்க, பார்த்தாங்க, எல்லாத்தையும் தரையில கொட்டினாங்க.

"கலரைக் கண்ணு கண்டுபிடிச்சுக்கும்டா. துணி என்ன துணின்னு கைதான் கண்டுபிடிக்கணும். காட்டனையும் டெரிகாட்டனையும் ஒண்ணா வச்சு தைச்சா, துவைச்ச அன்னிக்கு ஒண்ணு சுருங்கும், இன்னொண்ணு முறைச்சுக்கிட்டு நிக்கும்."

சந்தேகமா இருந்தா ஓரத்துல ரெண்டு நூல் உருவி நெருப்புல காட்டணும். பருத்தின்னா காகிதம் எரியற வாசனை வந்து சாம்பலா உதிரும். பாலியஸ்டர்னா உருகி, ஆறினதும் கெட்டியா ஒரு மணி மாதிரி நிக்கும். பதினோரு மூட்டைக்கும் இந்த அக்னிப் பரீட்சை நடந்தது. ஜன்னலைத் திறந்து வச்சு, பக்கத்துல தண்ணி வச்சுக்கிட்டு செய்யுங்க.

இவ்வளவும் எதுக்குன்னா, அக்கா முழுகாம இருக்கா. பிறக்கப் போற குழந்தைக்கு ஒரு ஒட்டுப்போர்வை, இங்கிலீஷ்ல குயில்ட்டுங்கிறாங்களே அது, அப்பாவோட துணியில தைக்கணும்னு அம்மாவுக்கு ஆசை. அம்மா அதை "விரிப்பு"ன்னுதான் சொல்லுவாங்க. பழைய சேலையை நாலா மடிச்சு ஓட்டுத்தையல் போட்டு குழந்தைக்கு விரிக்கிறது நம்ம வீடுகள்ல புதுசில்ல. வங்காளத்துல காந்தா, பீகார்ல சுஜனி, மகாராஷ்டிராவுல கோதடி, உத்தர கன்னடத்து சித்தி பெண்கள் தைக்கிற கவந்தி, எல்லாம் சொந்தக்காரங்கதான். அமெரிக்காவுல அலபாமா பக்கம் ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊர். அங்க மிசௌரி பெட்வேங்கிற கறுப்பினப் பெண்மணி, 1942-ல் கணவர் இறந்ததும் அவரோட வேலை உடுப்புகளைக் கிழிச்சு ஒரு குயில்ட் தைச்சாங்க. 2002-ல் அந்த ஊர்ப் பெண்கள் தைச்சதை எல்லாம் ஹூஸ்டன் மியூசியத்துலயும் நியூயார்க் விட்னி மியூசியத்துலயும் மாட்டி வச்சாங்க. அந்தப் படத்தை மொபைல்ல அம்மாகிட்ட காட்டினேன். பெரிசாக்கிப் பார்த்துட்டு, "முழங்கால் இடம் வெளுத்திருக்கு பாரு"ன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல.

இப்ப என் திருவிளையாடலுக்கு வர்றேன். அப்பா துணியெல்லாம் வெள்ளை, சாம்பல், காக்கி, நீலக்கட்டம். குழந்தைக்கு கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு நானே போய் ரெண்டு மீட்டர் சிவப்புத் துணி வாங்கிட்டு வந்தேன். கடைக்காரர் "கலர் கியாரண்டி சார்"ன்னார். நானும் கியாரண்டியை நம்பி, அப்பாவோட வெள்ளைச் சட்டை ஒண்ணோட சேர்த்து வாஷிங்மெஷின்ல போட்டு பட்டனை அமுக்கிட்டு மீட்டிங்குக்குப் போயிட்டேன். வெளிய வந்தப்ப சட்டை ரோஸ் கலர். அதுவும் ஒரே மாதிரி இல்ல, காலர்ல அடர்த்தியா, முதுகுல திட்டுத்திட்டா. அப்பா ரிடையர்மென்ட் ஃபங்ஷனுக்குப் போட்டுக்கிட்டுப் போன சட்டை அது. வேற சட்டையா இருந்திருக்கக் கூடாதா?

அம்மா திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அன்னிக்கு ராத்திரி உக்காந்து சாயத்தைப் பத்தி படிக்க ஆரம்பிச்சவன், படிச்சுட்டே போய் நம்ம ஊர்ப் பேருக்கே வந்து சேர்ந்தேன். சாயம் போறதுக்குப் பேர் போன துணியே நம்ம துணிதாங்க, ப்ளீடிங் மெட்ராஸ்! கதை இப்படிப் போகும். 1958-ல் வில்லியம் ஜேக்கப்சன்னு ஒரு அமெரிக்க இறக்குமதியாளர், கேப்டன் சி.பி.கிருஷ்ணன் நாயர்கிட்ட (பின்னாடி லீலா ஹோட்டல் ஆரம்பிச்சவர்) 10,000 கஜம் மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணி வாங்கினார், கஜம் ஒரு டாலர்னு. பச்சைத் தண்ணியில மெதுவா அலசணும், இல்லன்னா சாயம் இறங்கும்னு நாயர் சொல்லி அனுப்பினார். ஜேக்கப்சன் துணியை ப்ரூக்ஸ் பிரதர்ஸ்னு ஒரு பெரிய துணிக்கடைக்கு வித்தார், இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்ல மறந்துட்டார். சட்டை வாங்கினவங்க வாஷிங்மெஷின்ல போட்டாங்க (என்னை மாதிரி புத்திசாலிங்க அங்கயும் உண்டு). வக்கீல் நோட்டீஸ் வர்ற அளவுக்குப் போச்சு. கடைசியில, சாயம் போகப் போக புதுசு புதுசா நிறம் காட்டுற அதிசயத் துணின்னு பத்திரிகையில கட்டுரை வந்து, "சாயம் போவதற்கு உத்தரவாதம்"னு விளம்பரம் பண்ணியே வித்தாங்களாம். நம்ம டீம்ல பக்கை ஃபீச்சர்னு சொல்லி ரிலீஸ் பண்றோமே, அதுக்கு முன்னோடி இது :-)

ஆனா இதுல எனக்கு உறைச்சது வேற. துணியை நெய்யறதுக்கும் அலசுறதுக்கும் தனித்தனியா பேட்டையே வச்சிருந்த ஊர் இது. நெசவாளிகளுக்குன்னு கம்பெனிக்காரன் 1734-ல் உருவாக்கினது சின்னதறிப்பேட்டை, அதான் சிந்தாதிரிப்பேட்டை. கம்பெனித் துணியை அலசி வெளுக்கிறவங்க இருந்த இடம் வண்ணாரப்பேட்டை. அலசுறதுங்கிறது ஒரு தொழில், அதுக்கு ஆளு, நேரம், இடம் எல்லாம் வேணும்னு முன்னூறு வருஷம் முன்னாடி வியாபாரம் பண்ண வந்தவனுக்கே தெரிஞ்சிருக்கு. நமக்கு அது ஒரு பட்டன்.

இனி, செய்முறை. முதல்ல ஒரு மூடநம்பிக்கையை உடைச்சிடறேன். "உப்பு போட்டு ஊற வை, சாயம் நிக்கும்", "வினிகர் விடு"ன்னு எல்லார் வீட்டுலயும் சொல்லுவாங்க. அம்மாவும் சொன்னாங்க. உப்பு சாயம் ஏத்தும்போது தேவைப்படுற சரக்கு. சாயத்தை நூல் பக்கம் தள்ள உதவும். ஏத்தி முடிச்ச துணியில ஒட்டாம நிக்கிற சாயத்தை அது ஒட்ட வைக்காது. இப்ப பருத்திக்கு அதிகமா போடுறது ரியாக்டிவ் சாயம், 1956-ல் ஐ.சி.ஐ. கம்பெனி கொண்டு வந்தது. அது நூலோட வேதியியல் முறையில பிணைஞ்சு நிக்கும். ஆனா போட்ட சாயம் மொத்தமும் பிணையாது. பிணையாத மிச்சத்தை சுடுதண்ணியில சோப்பு போட்டு நல்லா அலசி எடுக்கணும். பட்டறையில அந்த அலசலை மிச்சம் பிடிச்சா, மீதி நம்ம வாளியில இறங்கும். அதனால ரகசியம் உப்பு இல்ல, சுடுதண்ணி, சோப்பு, பொறுமை.

ஓரத்துல ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளர்ல சுடுதண்ணி, ரெண்டு சொட்டு சோப்பு, கூடவே ஒரு வெள்ளைத் துணி போட்டு அரை மணி நேரம் வையுங்க. தண்ணி மட்டும் நிறம் மாறி வெள்ளைத் துணி வெள்ளையாவே இருந்தா இன்னும் ரெண்டு அலசல் போதும். வெள்ளைத் துணியும் நிறம் வாங்கிட்டா அந்தத் துணியைத் தனியா, திரும்பத் திரும்ப அலசணும். அப்பவும் நிக்கலன்னா அது போர்வைக்கு ஆகாது, மிதியடிக்குப் போகட்டும். தெரியாத்தனமா சாயம் ஏறிடுச்சுன்னா துணியைக் காய விடாதீங்க. ஈரத்தோடயே நிறைய சுடுதண்ணியில சோப்பு போட்டு ராத்திரி பூரா ஊற விட்டா பாதிக்கு மேல இறங்க வாய்ப்பு இருக்கு. இது எனக்கு அப்ப தெரியாது. சட்டையைக் கொடியில போட்டு நல்லா வெயில்ல காய வச்சேன்.

அலசுறதுக்கு இன்னொரு காரணம் சுருக்கம். இங்க மட்டும் நான் படிச்ச படிப்பு உதவிச்சு. புதுப் பருத்தி நூத்துக்கு மூணு, சிலது அஞ்சு கூட சுருங்கும். அப்பா லுங்கி இருபது வருஷம் துவைச்சது, இனி சுருங்க அதுல ஒண்ணும் இல்ல. ரெண்டையும் பத்து அங்குலத் துண்டா வெட்டிச் சேர்த்துத் தைச்சா, முதல் துவையல்ல புதுசு அரை அங்குலம் உள்ள போகும், பழசு அசையாது. குயில்ட்டுக்கு விடுற தையல் ஓரமே கால் அங்குலம்தான். அப்ப என்ன ஆகும்? இழுக்கும், முறுக்கும், பழசு கிழியும். "நாங்க அலசாமதான் தைக்கிறோம், அப்புறம் சுருங்கினா சுருக்கம் அழகா இருக்கு"ன்னு சொல்றவங்க உலகம் பூரா இருக்காங்க. எல்லாமே ஒரே கடையில எடுத்த புதுத் துணின்னா அது சரியா இருக்கலாம், எல்லாம் சேர்ந்தே சுருங்கும். பழசும் புதுசும் கலக்கிற நம்ம வீட்டு வேலைக்கு அது ஆகாது. இதுல எனக்கு ரெண்டு கருத்து கிடையாது.

காய வைக்கிறதும் கவனம். எங்க போர் தண்ணியில இரும்புச்சத்து, வெள்ளைத் துணியில மஞ்சள் ஏறும், அதனால கடைசி அலசல் மட்டும் மெட்ரோ வாட்டர். நிழல்ல காய்ச்சல். லேசா ஈரம் இருக்கும்போதே நெடுக்குல இஸ்திரி, இழுத்துத் தேய்க்காம பெட்டியை எடுத்து எடுத்து வைக்கணும். கஞ்சி வெட்டப் போற அன்னிக்கு மட்டும். கஞ்சி போட்டு அடுக்கி வச்சா ராமபாணப் பூச்சிக்கு விருந்து வச்ச மாதிரி. அப்புறம் ஒரு ராத்திரி துணியை விரிச்சுப் போட்டு வச்சுட்டு மறுநாள்தான் வெட்டணும். "துணி தூங்கி எந்திரிக்கணும்"னு அப்பா சொல்லுவாராம். ஓ.சி.எஃப்.ல கத்துக்கிட்டதா, அவரே சொன்னதா, அம்மாவுக்கும் தெரியல. வெட்டும்போது கரையை ஒட்டி நெடுக்கு பார்த்து வெட்டணும். சட்டையில கரை இருக்காது, அதனால தையலைப் பிரிச்சு, ஒரு நூலை உருவி, அந்தக் கோட்டுல வெட்டணும். நடுவுல பஞ்சு ஷீட் வேண்டாம்னுட்டாங்க அம்மா, மெட்ராஸ் வெயிலுக்கு குழந்தை வெந்துடும்னு. உள்ள ரெண்டு அடுக்கு பழைய நூல் சேலை. மூணு அடுக்கு சேர்ந்து வர்றதால 14-ம் நம்பர் ஊசி.

மத்த சட்டை, லுங்கி எல்லாம் இப்ப வெட்டி அடுக்கியாச்சு. ரோஸ் சட்டையை மட்டும் அம்மா மூணு வாரம் தொடல. போன வெள்ளிக்கிழமை எடுத்து, பட்டனை எல்லாம் வெட்டி டப்பாவுல போட்டுட்டு, மார்புப் பாக்கெட்டைப் பிரிக்காம அதைச் சுத்தி ஒரு சதுரமா வெட்டினாங்க. "குழந்தை கையை விட்டு விளையாடும்"னாங்க.

நான் இப்ப சாப்பாட்டு மேஜையில. நேத்து கால்ல இருக்கும்போது மேனேஜர் "பின்னாடி என்னப்பா சத்தம், ஏதாவது கட்டுமான வேலையா?"ன்னார். "இல்ல சார், அம்மா ரூம்ல வேலை நடக்குது"ன்னேன். மியூட் போட்டுக்கச் சொன்னார். போட்டுக்கிட்டேன்.

அந்த சிவப்புத் துணி இன்னிக்கு அஞ்சாவது அலசல். தண்ணி இன்னும் ரோஸ்.